தொப்பியில் இருந்த பைன் கிளை

நீங்கள் கொடுத்த காபி நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். தொப்பி இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. அதைச் சாட்சிப் பொருள் என்று எடுத்து வைத்துவிட்டீர்கள், பரவாயில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் மானிலிருந்து தொடங்க விடுங்கள். இல்லாவிட்டால் என்னை ஏதோ கோபக்காரன் என்று எழுதிவிடுவீர்கள்.

எங்கள் காட்டில் இருப்பது சின்ன ஜாதி ரோ மான். ஜூலைக் கடைசியில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஆண் பெட்டையைத் துரத்தும். ஒரே புதரைச் சுற்றிச் சுற்றி ஓடி, புல்லில் வட்டமே விழுந்துவிடும். பெட்டை அப்போதே சினையாகிவிடும், ஆனால் கரு வளராது. கடுகளவில் அப்படியே கிடந்து, பனி இறுகி வருஷம் திரும்பும்போதுதான் வளரத் தொடங்கும். குட்டி மே மாதப் புல்லில் விழ வேண்டும் அல்லவா, அதற்காக. நவம்பரில் ஒரு பெட்டையைச் சுட்டு வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. புதிதாக வேட்டைச் சங்கத்தில் சேர்ந்தவன் "இது காலி" என்பான். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "காலின்னு சொல்லாதே, காத்திருக்குன்னு சொல்லு" என்பேன். எங்கள் வேட்டைச் சங்கத்துக்கு நான் தலைவரான நாள் முதல் வருஷா வருஷம் இதைச் சொல்லி வந்திருக்கிறேன்.

என் பெண் நேஜா அந்தக் கூட்டங்களில் பாவாடை கட்டிய வயதிலிருந்தே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவள் காஷ்பரைக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அக்கார்டியன் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பவன். நல்ல பையன், இல்லை என்று சொல்ல மாட்டேன். மெலிந்த உடம்பு, குளிர்காலம் முழுக்க இருமல், ஏணியில் ஏறச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். கல்யாணமாகி மூன்று வருஷம் ஓடியது. ஒன்றும் இல்லை.

மதுக்கடையில் ஒருநாள் எங்கள் பொருளாளர் ஸ்ரேச்கோ எல்லோர் முன்பும் வாயைத் திறந்தான். "ஏம்ப்பா லோய்ஸே, உன் காட்டுல வருஷா வருஷம் குட்டி பெருகுது. உன் வீட்டுத் தொட்டில்ல மட்டும் ஏன் சிலந்தி கூடு கட்டுது?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது நெஞ்சு எரிந்தது. அவமானம்தான், வேறென்ன.

காட்டில் ஓர் ஆண் மெலிந்து, கொம்பு சரியாக வளராமல், நல்ல பெட்டை இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதைச் சுட்டு எடுத்துவிடுவோம். மற்றொன்று வரும். இதில் பகை கிடையாது. தோட்டத்தில் களை பிடுங்குகிற மாதிரிதான். நேஜாவுக்கு வயது இருக்கிறது, இன்னும் ஒரு வருஷத்தில் மனம் தேறிவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்காகத்தான் நினைத்தேன். ஆண் மானைச் சுடும் காலம் அக்டோபரோடு முடிகிறது. அதையும் நான் மீறவில்லை.

புல்வெளி ஓரத்தில் ஓங்கி வளர்ந்த பீச் மரங்களுக்கு நடுவே எங்கள் வேட்டைப் பரண் இருக்கிறது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அதன் ஏணிப் படிகளை மாற்றுவோம். அன்று காலை நான் முன்னாலேயே போய் மேல் படியின் ஆணிகளைப் பிடுங்கி வைத்தேன். பிறகு, பரணில் இருக்கும் பழைய பலகையை இறக்க வேண்டும், முட்டி வலிக்கிறது என்று காஷ்பரைக் கூப்பிட்டேன். மாமா கூப்பிட்டாரே என்று சந்தோஷமாக வந்தான்.

பாதி ஏணியில் நின்று கீழே பார்த்தான். "மாமா, இது தாங்குமா?"

"தாங்கும், ஏறுங்க மாப்பிள்ளை."

இன்னும் இரண்டு படி ஏறிவிட்டு மறுபடி நின்றான். சிரித்துக்கொண்டிருந்தான். "நவம்பர்ல மார்ட்டின் திருநாளுக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. நேஜா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு இருக்கா. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க."

தலைநகர் லியுப்லியானாவுக்குக் குடிபோகப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கே வேலை தேடப்போகிறேன் என்று கோடையில் சொல்லிக்கொண்டிருந்தான். என் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். "ஆகட்டும், ஏறுங்க" என்றேன்.

அவன் விழுந்தவுடன் நான் கிட்டே போகவில்லை. காயம்பட்டதை உடனே நெருங்கக் கூடாது, அது மிரண்டு இன்னும் வேதனைப்படும். ஒரு சிகரெட் குடிக்கும் நேரம் தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எங்களிடம் மரியாதை. உட்கார்ந்திருந்தேன். அவன் கை கொஞ்ச நேரம் சருகைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. செல்போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் எழுந்தேன்.

அடுத்துச் செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. நாங்கள் வீழ்த்திய மிருகத்தின் வாயில் ஒரு பச்சைக் கிளையை வைப்போம், அதன் கடைசிக் கவளம். அதே கிளையில் பாதியை ஒடித்து எங்கள் தொப்பியில் செருகிக்கொள்வோம். பீச் இலை அதற்கு ஆகாது. மேட்டைத் தாண்டி நடந்து போய்ப் பைன் கிளை ஒடித்து வந்தேன். அவன் வாயில் வைத்தேன். தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் நின்றேன். அவனை நான் கேவலப்படுத்தவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நேஜாவிடம் நானேதான் போய்ச் சொன்னேன். வாசலில் நின்று, காஷ்பர் பரணிலிருந்து விழுந்துவிட்டான் என்றேன். அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே பார்த்தாள்.

"இன்னைக்கு எதைச் சுட்டீங்கப்பா?"

"எதையும் சுடலம்மா."

"அப்ப தொப்பியில என்ன?"

கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் வாயில் இருந்ததை, விழும்போது ஏதோ மரத்தில் உரசி ஒட்டியது என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். பரணைச் சுற்றி ஒரு பைன்கூடக் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். என் தொப்பியை மாட்டியிருந்த ஆணியிலிருந்து எடுத்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். இரண்டு பாதியும் பொருந்தின. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன்.

நேற்று அவளை என்னிடம் உள்ளே விட்டீர்கள். கோட்டைத் திறந்து என் எதிரே நின்றாள். வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆகஸ்ட்லேயே தங்கிடுச்சுப்பா. போன தடவை கலைஞ்சதால யார்கிட்டயும் சொல்லல. காலின்னு சொல்லாதே, காத்திருக்குன்னு சொல்லுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். திராட்சை அறுவடை விருந்தில் அவள் மதுக் கோப்பையைத் தொடவே இல்லை. ஒரு பெட்டை மேய்ச்சலை மாற்றினால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவன் நான், அதைக் கவனிக்கத் தவறினேன். குழந்தை மே மாதம் பிறக்கும், மான்களோடு. அதை நினைத்தால், மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

போகும்போது அவள் கதவருகே நின்று ஒன்று கேட்டாள். "இது அவரை மாதிரி மெலிஞ்சு, இருமிக்கிட்டுப் பிறந்தா என்ன பண்ணுவீங்கப்பா?"

இதெல்லாம் முன்கூட்டியே சொல்லக்கூடிய விஷயமா, இன்ஸ்பெக்டர் அம்மா? பிறக்கட்டும். பார்த்துத்தானே சொல்ல முடியும்.