எண்பத்து மூன்றாம் வருஷத்துக் காற்று

என் பெயர் சொர்ணம். வயது 49. கணவர் முனியன், காலமாகிவிட்டார். திருமுல்லைவாயில் குளக்கரைத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் சமையல் வேலை செய்கிறேன். என் சவுக்கு மரங்களை வெட்டிச் சாய்த்த பக்கத்து வீட்டு பால்ராஜ் மேல் 21.10.1991 அன்று காலை இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். இதற்கு முன் இந்த ஸ்டேஷனுக்கு மூன்று தடவை வந்தேன். அப்புறம் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

என் வீட்டை ஒட்டிய காலி மனையும் என்னுடையது. முன்பு அது நெல் வயல். நானும் என் வீட்டுக்காரரும் அதில் கூலிக்கு நாற்று நட்டிருக்கிறோம். பிளாட் போட்டபோது அதே மண்ணில் ஒரு துண்டை வாங்கினோம். 1987-ல் அதில் முப்பத்திரண்டு சவுக்கங்கன்று வைத்தேன். மாடி எடுக்கும்போது சாரம் கட்ட ஆகும் என்றுதான் வைத்தேன். குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி ஊற்றியது நான், பால்ராஜ் அல்ல.

மேற்படி பால்ராஜ் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். மனைவி பெயர் சாராள். ஒரே மகள் ஹில்டா, வயது ஏழு. அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷமாக இழுப்பு உண்டு. மாசியிலும் ஐப்பசியிலும் அதிகமாகும். மூச்சு விசில் அடிப்பது என் சமையல்கட்டு வரை கேட்கும். எந்த மாசத்தில் வருகிறது, அப்போது சுற்றிலும் என்ன பூக்கிறது என்று பார்க்கும்படி டாக்டர் சொன்னாராம். அதன் பிறகு பால்ராஜ் தன் கல்லூரியில் பழைய பேப்பர்களைக் கிளறினார். முன்பு ஒரு மொட்டை மாடியில் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளை வைத்து, காற்றில் வந்து ஒட்டும் பூத்தூளை மாசாமாசம் எண்ணி எழுதியிருந்தார்களாம். சவுக்குப் பூத்தூள் அதிகம் விழுந்த மாசமும் மகளுக்கு இழுப்பு வரும் மாசமும் ஒன்றாக இருந்ததாம்.

அதன் பிறகு ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு என் வாசலில் வந்து அந்தப் பேப்பரை நீட்டினார். "மரத்த எடுத்துடுக்கா. என் கொயந்த மூச்சு உட முடியாம தவிக்குது" என்றார். எந்த வருஷத்துக் கணக்கு என்று கேட்டேன். எண்பத்து மூன்று என்றார். "எண்பத்தி மூணுல இங்க ஏதுபா சவுக்கு? நான் சேத்துல நின்னு நாத்து நட்டுகினு இருந்தேன். அப்பவே இம்மாம் தூள் வந்துச்சுன்னா எங்கேர்ந்து வந்துது? ஏரிக்கரை மேல கீற சவுக்குத் தோப்ப போய் வெட்டேன்" என்றேன். அவர் மலடி என்று தெருவே கேட்கக் கத்தினார். நான் பிள்ளை பெறாதவள்தான், அதையும் எழுதிக்கொள்ளவும். நானும் சும்மா இருக்கவில்லை. நான் திட்டியதை ஸ்டேஷனில் சொல்ல முடியாது.

அதன் பிறகு 15.9.1991 அன்று நசரத்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பியபோது ஒரு மரம்கூட நிற்கவில்லை. பால்ராஜ் ஓடி ஒளியவில்லை. கோடாலியோடு வேலியோரம் நின்றார். மகளை முன்னால் நிறுத்தி, "மூச்ச நல்லா இஸ்து உடு கண்ணு, ஆயா பாக்கட்டும்" என்றார். அது இழுத்து விட்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கோடாலியைப் பிடுங்கி அவர் மேலேயே போடலாம் போல எனக்கு வெறி வந்தது. ஏரிக்கரைத் தோப்பு சர்க்காருடையது, அதில் கை வைக்க அவருக்குத் தைரியம் இல்லை. கைக்கு எட்டியது என் மரம்.

சமாதானமாகப் போகிறாயா என்று இங்கே கேட்கிறார்கள். மாட்டேன். மரம் போனதிலிருந்து மகளுக்கு இழுப்பே இல்லை என்று பால்ராஜ் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது தவறு. நாலைந்து நாளாக அந்தப் பெண் இழுப்பு வந்தால் கொல்லைப்பக்கமாக ஓடி வந்து என் குளியல் தடுப்புக்குள் ஒளிந்துகொள்கிறது. பாவாடையை வாயில் திணித்துக்கொண்டு இருமுகிறது. ராத்திரியில் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்ளுமாம். நேற்று சாயங்காலம் உதடு நீலமாகிவிட்டது. முதுகைத் தடவி வெந்நீர் கொடுத்து, உங்கப்பனிடம் சொல்கிறேன் என்றேன். "வாணாம் ஆயா. மரம் போயும் இஸ்துக்குதுன்னு தெரிஞ்சா அப்பா அழும். யாராண்டயும் சொல்லாத" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டது.

சத்தியம் செய்த கையோடு அவர் வாசலுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே கதவைச் சாத்தினான். நான் சொன்னால் கேட்கமாட்டான், போலீஸ் சொன்னால் கேட்பான். கேஸை அப்புறம் நடத்துங்கள். முதலில் ஓர் ஆளை அனுப்பி, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்படி அந்தப் பேமானியிடம் சொல்லவும்.

மேலே உள்ளது முழுக்க நான் சொன்னது, உண்மை. படித்துக் காட்ட வேண்டாம். நேரமில்லை.

(ஒப்பம்) மு. சொர்ணம்