பள்ளத்துத் தண்ணீர்

எனக்கு எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு, ஐயா. வாசலில் பூனை குறுக்கே போனால், போனது புலி என்பேன். என் மனைவி அதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளி ஊருக்குப் பொது. என் மைத்துனன் வளர்க்கும் பெண் குதிரையும் அதன் குட்டியும் மேய்வது அங்கேதான். குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடுவது அவன் பிழைப்பு. அந்த இடத்தில் கடைவளாகம் கட்ட நகராட்சி நினைத்தது. ஒப்பந்தக்காரர் மண்ணைச் சோதிக்க ஒரு பள்ளம் தோண்டினார். மழையில் அது நிரம்பிவிட்டது.

புல்வெளியைக் காப்பாற்றச் சேர்ந்த கூட்டத்துக்கு நான்தான் தலைவர். மைக் கைக்கு வந்ததும் நாக்கு கட்டுக்கு அடங்கவில்லை. அந்தப் பள்ளத்துத் தண்ணீர் விஷம், குடிக்கிற குதிரை பிழைக்காது என்று அடித்துவிட்டேன். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

குதிரைகள் அதையே குடித்தன. குடித்துக் கொழுத்தன.

"மாமா, உங்க விஷம் இன்னும் ரெண்டு வாளி கிடைக்குமா? குட்டி பளபளன்னு ஆயிடுச்சு," என்றான் மைத்துனன், டீக்கடையில், நாலு பேர் முன்னால்.

"சிரிடா, சிரி. நிலம் போனா உன் குதிரைய மொட்டை மாடியிலயா மேய்ப்ப?"

"அக்காவைக் கேட்டுக்கிறேன். உங்களையே மேய்க்கிறவதானே."

சிரித்தார்கள். சிரிப்பதில் தவறில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரவில்லை. நகராட்சியில் வாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னது நடந்தால் நிலம் தப்பும். நடக்காவிட்டால் போகும்.

எங்கள் வேலியில் அரளி மண்டிக் கிடந்தது. கழித்துக் காயவைத்தேன். வைக்கோலோடு கலந்து பள்ளத்தின் ஓரமாகத் தாய்க்குப் போட்டேன். ஒன்று போதும் என்றுதான் நினைத்தேன். தாய் தின்கிற இடத்தில் குட்டியும் வாய் வைக்கும் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், உங்களிடம் மறைப்பானேன், போட்டிருப்பேன்.

மறுநாள் இரண்டும் பள்ளத்தோரம் செத்துக் கிடந்தன. ஊரே திரண்டது. திட்டத்தைக் கைவிட்டார்கள்.

"இந்த ஒரு தடவை நீங்க சொன்னது அப்படியே நடந்துடுச்சுங்க," என்றாள் மனைவி. அன்று அவள் எதையும் கழிக்கவில்லை.

மைத்துனன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க படிச்சுப் படிச்சு சொன்னீங்க மாமா. நான்தான் கிண்டல் பண்ணிட்டு குடிக்க விட்டேன். நானே கொன்னுட்டேன்."

இல்லையடா என்று சொல்ல வாய் வரை வந்தது. வெளியே எனக்குக் கைகுலுக்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரை விட்டுவிடுங்கள், ஐயா. அவர் தோண்டியது பள்ளம் மட்டும்தான். இரண்டையும் கொன்றவன் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. இதை மைத்துனனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான். அக்கா போய்த் தட்டினால்கூடக் கதவு திறப்பதில்லை. நான் போனால்தான் திறக்கிறான். ஆறுதல் சொல்ல என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?