வெர்லின் போடாத எடை

விறகைக் கொஞ்சம் உள்ள தள்ளு... ம், போதும். யாருப்பா அங்க சிப்ஸ் பாக்கெட்டை நொறுக்கறது? கீழ வை அதை. சொல்லி முடிச்சப்புறம் தின்னு, உள்ள இறங்குச்சுன்னா.

அக்டோபர் மாசம். சாயங்காலம் ஆறரை. பிக்ஹார்ன் மலை உச்சி ரோடு. வெளிச்சம் முழுசா போகல... மானுங்க ரோட்டுக்கு வர்ற நேரம். ரெண்டு பக்கமும் பைன் மரம். முன்னால பின்னால ஒரு வண்டி கிடையாது. அந்த ரோட்டுல நம்ம ட்வெய்னோட மச்சான் வெர்லின் மட்டும் தனியா போய்க்கிட்டிருக்கான். பக்கத்துல பொண்டாட்டி நாடீன். பின்னால வீடு மாதிரி ஒரு டிரெய்லர்.

சாதா டிரெய்லர் இல்ல. பின்னால கொக்கியில மாட்டி இழுப்போமே, அது இல்ல. பிக்கப்போட முதுகு மேலயே, சாமான் ஏத்தற அந்தத் திறந்த தட்டுல, கழுத்தைக் கொண்டுவந்து வெச்சுக்குமே, அந்த ஃபிஃப்த் வீல். உள்ள மெத்தை, சமையலறை, சோபா, எல்லாம். இழுக்கறது என்ன வண்டி? அரை டன் பிக்கப். இருக்கறதுலயே சின்னது. ஆமா, சிரிங்க. நாங்களும் அன்னைக்கு சிரிச்சோம்.

கேம்ப்ல எல்லாரும் நாற்காலியப் போட்டுக்கிட்டு, கையில பீரோட அவன் கிளம்பறதைத்தான் வேடிக்கை பார்த்தோம். கழுத்தை இறக்கினதும் பிக்கப்போட பின்பக்கம் அப்படியே குந்திடுச்சு. மூக்கு வானத்தைப் பார்க்குது. கிழவன் ஆர்வில் எந்திரிச்சுப் போய், "ஏம்பா வெர்லின், கதவு இடுக்குல ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, அதைப் படிச்சியா? விளம்பரத்துல போட்டிருக்கறது எவ்வளவு இழுக்கும்னு. முதுகுல எவ்வளவு சுமக்கும்ங்கறது வேற கணக்கு. ஒரு தடவை எடை மேடையில ஏத்திப் பாரு"ன்னான். வெர்லினுக்கு காதெல்லாம் செவந்து போச்சு. இத்தனை பேர் முன்னால கேட்டுட்டானேன்னு. "ஏத்திப் பார்த்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு"ன்னான்.

பொய்.

அதுலயும் பாருங்க... அதுக்கு முன்னாடியே, வீட்டுல வெச்சு, நாடீன் அவன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "எடை போட்டுட்டு வா, நான் கூட வர்றேன். போடலைன்னா நான் வரல." அவ்வளவுதான். அவனும் டிரெய்லரை மாட்டிக்கிட்டு லாரிக்காரங்க நிக்கிற இடத்துக்குப் போனான். எடை மேடை முன்னால வரிசையில நின்னான். முன்னாடி ஒரே ஒரு லாரி. அது நகர்ந்துச்சு. இவன் போகல. ஏறினா தெரிஞ்சுடுமேன்னு பயம்... வாங்கின டிரெய்லரைத் திருப்பிக் குடுக்கணும், ஊரு சிரிக்கும். ஒதுங்கி வந்து ரெண்டு காபி வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். "போட்டாச்சு தங்கம், இன்னும் இடமே இருக்கு"ன்னு சொல்லி ஒரு காபிய அவ கையில குடுத்தான். அவ அவன் கன்னத்துல ஒரு முத்தம் குடுத்தாளாம். அந்த முத்தத்தை நினைச்சாத்தான் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்குன்னு ட்வெய்ன்கிட்ட சொல்லியிருக்கான்.

சரி. மலை ஏறும்போது எதிர்ல வந்த வண்டியெல்லாம் இவனைப் பார்த்து விளக்கைச் சிமிட்டுது. இவன் விளக்கு அவங்க கண்ணுல அடிக்குது... வண்டி குந்தி இருக்கே!

"என்ன வெர்லின், எல்லாரும் சிமிட்டறாங்க?"

"மலைக்காரங்க பழக்கம். வணக்கம் சொல்றாங்க."

நாடீனும் நம்பி அடுத்த வண்டிக்குக் கையாட்டினா, பாவம்.

உச்சியில, இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால, ஓரமா ஒரு இடம் விட்டிருப்பான். நிறுத்திப் பிரேக்கைத் தொட்டுப் பார்த்துட்டு இறங்கணும். வெர்லின் நிக்காமத்தான் போயிருப்பான். நாடீன்தான், "நிறுத்து, கால் மரத்துப் போச்சு"ன்னா.

அங்க ஏற்கனவே ஒரு வண்டி நின்னுச்சு.

பழைய பிக்கப். அரை டன். பின்னால ஃபிஃப்த் வீல். பின்பக்கம் குந்தி, மூக்கு மேல தூக்கி... அச்சு அசல் இவன் வண்டி மாதிரியே. விளக்கு இல்ல. ஒரு ஆள் டிரெய்லர் சக்கரத்துக்கிட்ட குத்த வெச்சு, உள்ளங்கைய வீல் மேல வெச்சிருந்தான். சூடு பார்க்கறதுக்கு நாம வைப்போமே, அப்படி. நாம தொட்டதும் எடுத்துடுவோம். அவன் எடுக்கல. சுர்ர்ர்னு சத்தம் வருது... ஈரத்துணிய தோசைக்கல்லுல போட்ட மாதிரி... கை அங்கயே இருக்கு. முடி பொசுங்கற நாத்தம்.

அப்புறம் எழுந்து இவங்க ஜன்னல்கிட்ட வந்தான். தொப்பி. முகத்துல ஒரு களைப்பு.

"எடை போட்டீங்களா?"ன்னான்.

வணக்கம் இல்ல, பேரு கேக்கல. எடுத்த எடுப்புல அதுதான்.

நாடீன் எட்டிப் பார்த்து, பெருமையா, "என் வீட்டுக்காரர் போடாம வருவாரா? நான்தான் போடச் சொன்னேன்"ன்னா.

அந்த ஆள் வெர்லினையே பார்த்தான். அப்பவாவது சொல்லியிருக்கலாம். நாடீன் முகத்துல இருந்த அந்தப் பெருமை... அதைப் பார்த்ததும் வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு அவனை. சொல்ல முடியல. "போட்டாச்சு. எல்லாம் சரியா இருக்கு."

"நானும் அதையேதான் சொன்னேன்"ன்னான் அந்த ஆள்.

"யார்கிட்ட?"ன்னா நாடீன்.

அவன் தலையை மட்டும் அவன் வண்டிப் பக்கம் திருப்பினான். முன் சீட்டுல ஒரு பொம்பளை. நேரா முன்னால பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. அசையல.

நாடீன் சிரிச்சுட்டா. "கோவமா இருக்காங்களா?"

"பேசறதில்ல"ன்னான்.

வெர்லின் கியரைப் போட்டு வண்டிய எடுத்துட்டான். போய்ட்டு வரேன்னுகூட சொல்லல.

இறக்கம். வளைவு மேல வளைவு. இடது பக்கம் எதிர் லேன், அதுக்கப்புறம் பாறை. வலது பக்கம் பள்ளம். பின்னால இருக்கறது தள்ள ஆரம்பிச்சுடுச்சு. முதல்ல மெதுவா... யாரோ முதுகுல கை வெச்சு நகத்தற மாதிரி. அப்புறம் நல்லாவே. வெர்லின் பிரேக்கை மிதிச்சான். விட்டான். மிதிச்சான். கியரைக் குறைக்கணும்னு தெரியும், ஆனா பதட்டத்துல கால் பிரேக்கை விட்டு வரமாட்டேங்குது.

நாத்தம் உள்ள வந்துச்சு.

"ஏதோ கருகுது வெர்லின்."

"அது... அந்த ஆள் வண்டியா இருக்கும்."

இன்னொரு பொய். பிரேக் மிதி இன்னும் கொஞ்சம் கீழ போச்சு. பஞ்சை மிதிக்கற மாதிரி.

"நம்ம வண்டிதான். எனக்குத் தெரியுது. உண்மையச் சொல்லு."

சொல்லலை. அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கல. சாகறதைவிட, அவ அந்த உண்மையைக் கேக்கும்போது தான் அங்க இருக்கணுமேங்கறதுதான் அவனுக்குப் பெரிய பயமா இருந்துச்சு. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானான்னு கேக்காதீங்க. நீங்க எல்லாரும் இருப்பீங்க.

அப்போ... இடது பக்கம், எதிர் லேன்ல, ஏதோ வந்துச்சு.

எஞ்சின் சத்தம் இல்ல. டயர் ரோட்டை உரசற சத்தம் மட்டும். அந்தப் பழைய பிக்கப். விளக்கில்லாம, டிரெய்லரோட, இவனை ஒட்டி... ஜன்னலுக்கு ஜன்னல். அந்தப் பொம்பளை உக்காந்திருந்த பக்கம்தான் இவனுக்குப் பக்கத்துல. கண்ணாடி இறக்கி விட்டிருக்கு. அந்த வேகத்துல காத்து எப்படி அடிக்கும்? அவ தலைமுடி ஒண்ணுகூட ஆடல.

முகத்தைத் திருப்பினா. மெதுவா. இவனைப் பார்த்தா.

கோவமெல்லாம் இல்லையாம் அந்த முகத்துல. அவமானமாம். புருஷன் தன்கிட்ட பொய் சொன்னான்னு மத்தவங்க முன்னால தெரிஞ்சுக்கிட்ட பொம்பளையோட முகம். நாளைக்கு நாடீன் முகம் இப்படித்தான் இருக்கும்னு அவனுக்குப் பட்டுச்சாம்.

கத்திட்டான். "போடலை! நாடீன், நான் எடையே போடலை! வரிசையில நின்னேன், ஏத்தாம வந்துட்டேன்! தாங்காது இது, எனக்கு முதல்லயே தெரியும்!"

நாடீன் கைய நீட்டினா, டிரெய்லர் பிரேக்குக்குன்னு ஸ்டியரிங் கீழ சின்னதா ஒரு பிடி இருக்குமே, அதைப் பிடிச்சு ஒரே அழுத்து. பின்னால கிரீச்னு ஒரு அலறல். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிச்சு. வேகம் கொஞ்சம் செத்துச்சு. வலது பக்கம், பள்ளம் முடியற இடத்துல, சரளைக்கல் கொட்டி மேடு கட்டியிருந்துச்சு... பிரேக் போன லாரிங்க ஏறி நிக்கறதுக்கு. "அதுல விடு"ன்னா. விட்டான். கல்லு பொரியற மாதிரி தெறிக்குது. அச்சு வரைக்கும் புதைஞ்சு நின்னுச்சு.

அந்தப் பழைய வண்டி? எங்கயும் இல்ல.

கிரேன் வண்டிக்காரன் வந்து சேர ரொம்ப நேரமாச்சு. வண்டிய ரோட்டுக்கு இழுத்தான். பிரேக் அதுக்குள்ள ஆறிடுச்சு. "டிரெய்லர் இங்கயே கிடக்கட்டும், காலையில பார்த்துக்கலாம். பிக்கப்பை கழட்டிக்கிட்டு, சின்ன கியர்ல என் பின்னாலயே வாங்க"ன்னான். கழுத்தைத் தூக்கி பிக்கப்பை வெளிய எடுத்தாங்க.

பாரம் இறங்கினா பின்பக்கம் எழும்பணும் இல்ல? எழும்பல. குந்தினபடியே இருக்கு.

கிரேன்காரன் டார்ச்சை அடிச்சுக் கீழ குனிஞ்சு பார்த்தான். ஸ்பிரிங் பட்டை உடையல. பிக்கப் முதுகு மேல பார்த்தான். காலி. "என்னய்யா ஏத்தி வெச்சிருக்கே?"ன்னு தலையச் சொறிஞ்சுக்கிட்டே தன் வண்டியில போய் ஏறினான்.

நாடீன் ஏறி உக்காந்தா. வெர்லின் கிரேன் வண்டி பின்னாலயே ஓட்டினான். அப்புறம், ரொம்ப நிதானமா: "உயிரோட இருக்கோம், அதனால இன்னைக்கு விடறேன். இனிமே ஒரு பொய்... சின்னது, ஒண்ணே ஒண்ணு... எனக்குத் தெரிஞ்சாலும் நான் போயிடுவேன். நாப்பது வருஷமாச்சேன்னெல்லாம் பார்க்க மாட்டேன். வேற ஏதாவது மறைச்சிருக்கியா? இப்பவே சொல்லிடு."

வெர்லின் நடுக் கண்ணாடியைப் பார்த்தான்.

பின்னால, பிக்கப் முதுகு மேல, ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. இவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. ஒருத்தன் தலையில தொப்பி. பக்கத்துல, கொஞ்சம் தள்ளி, ஒரு பொம்பளை. அடிக்கிற காத்துல முடி ஆடல.

எப்படிச் சொல்லுவான்? இவ்வளவும் பண்ணிட்டு, இப்போ இதைச் சொன்னா அவ என்ன நினைப்பா? தப்பிக்கறதுக்குப் பேயைக் கூட்டிட்டு வர்றான்னுதானே? கூசிப் போச்சு அவனுக்கு. தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

"இல்ல தங்கம். வேற ஒண்ணுமில்ல."

டமால்னு பின்பக்கம் இன்னும் ஒரு சாண் இறங்கிச்சு.

"என்ன அது?"ன்னா நாடீன்.

"ரோட்டுல பள்ளம்"ன்னான் வெர்லின்.