மூன்றாம் பக்கத்துப் பிழை

உங்கள் விசாரணை அறிக்கை நன்றாக வந்திருக்கிறது, ஐயா. எழுத்துப் பிழைகூட அதிகமில்லை. மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு தவறு. அதைத் திருத்தத்தான் பஸ் ஏறி வந்தேன். ‘குழாய் இணைப்பு சரியாக இறுக்கப்படாததே தீ விபத்துக்குக் காரணம், இது மெக்கானிக்கின் கவனக்குறைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மெக்கானிக் நான். இறந்துபோனவன் என் தங்கச்சி புருஷன். இருபத்திரண்டு வருடத்தில் நான் இறுக்கிய ஓர் இணைப்புகூடத் தானாகக் கழன்றதில்லை.

வேலையைச் சொன்னால் உங்களுக்கே புரியும். சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜின் பெல்ட்டில் சுற்றிக்கொண்டே காற்றை உள்ளே திணிக்கிற சாதனம். திணித்த காற்று சூடாகும். ரொம்பச் சூடானால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனில் ஓட்டை விழும். அதனால் தண்ணீரையும் மெத்தனால் என்ற எரிசாராயத்தையும் பாதிக்குப் பாதி கலந்து, மயிரிழைத் துவாரம் வழியாக அந்தக் காற்றில் தெளிப்போம். காற்று குளிரும், இன்ஜின் தாங்கும். தொட்டி காலியானாலோ துவாரம் அடைத்தாலோ ஒரு வால்வு தானாகத் திறந்து மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடும். அந்த வால்வுதான் இன்ஜினுக்குக் காவல். நான் பொருத்தும் ஒவ்வொரு காரிலும் குழாயைப் பிடுங்கிவிட்டு, வால்வு திறக்கிறதா என்று மூன்று முறை பார்ப்பேன். தண்ணீரைக்கூட வடிகட்டித்தான் ஊற்றுவேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, நான் அந்த ரகம்.

மாப்பிள்ளை வேறு ரகம். எங்கள் இருவருக்கும் ஒரே ஷெட். நான் பொருத்துவேன், அவன் ஓட்டிப் பார்ப்பான், வருகிறவர்களிடம் பேசுவான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அவன் நன்றாகவே பிழைத்தான்.

அவனிடம் ஒரு வித்தை இருந்தது. என்னைப் போல நடித்துக் காட்டுவான். இரண்டு கையையும் உதறிக்கொண்டு, எம்பி எம்பிக் குதித்து, கீச்சுக் குரலில், “தண்ணி! தண்ணி பாருங்க! ஐயோ தண்ணி!” என்று காரைச் சுற்றி ஓடுவான். நாலு பேர் கூடினால் போதும், யாராவது கேட்பார்கள், இவன் ஆரம்பித்துவிடுவான். தங்கச்சி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். “விடுண்ணா, மச்சான்னா கிண்டல் பண்ணத்தான் செய்வாங்க” என்பாள். என் குரல் கீச்சுக் குரல் இல்லை, ஐயா. இவ்வளவு நேரம் கேட்கிறீர்களே, நீங்களே சொல்லுங்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். வெள்ளைக் கார் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு வாடிக்கையாளரின் கார். அந்த வால்வைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டு, எவ்வளவு வேகம் போகிறது பார்க்கிறேன் என்று மாப்பிள்ளை ஓட்டியிருக்கிறான். பிஸ்டன் போய்விட்டது. கம்பியைக் கழற்றி நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிறேன், கார்க்காரர் வருகிறார். மாப்பிள்ளை என் தோளில் கை போட்டான்.

“மச்சான் இந்தத் தடவ கொஞ்சம் அசந்துட்டாரு சார். அவரும் மனுசன்தானே.”

கார்க்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதாப்பா?” என்றார். மன்னிப்புக் கேட்டேன். நான் கேட்டேன், ஐயா. சாயங்காலம் தங்கச்சியிடம் கம்பியைக் காட்டினேன். “அவரு பேரு கெட்டா ஷெட்டு பேரும்ல கெடும்? நீ பொறுத்துக்கோண்ணா” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. இன்னும் எரிகிறது.

போன மாதம் அவனுடைய சிவப்புக் காருக்கு அந்தச் சாதனத்தைப் பொருத்தச் சொன்னான்.

“தண்ணியே வேணாம் மச்சான். முழுக்க மெத்தனால் ஊத்து. அந்த வால்வையும் கட்டிப் போட்ரு.”

“மெத்தனால் தனியா பத்திக்கிட்டா பகல்ல கண்ணுக்கே தெரியாது மாப்ள. பொகையும் வராது.”

“கண்ணுக்கே தெரியாத நெருப்பா? அது சுடவா போகுது?”

“சரி மாப்ள” என்றேன். இவ்வளவு சீக்கிரம் நான் ஒத்துக்கொண்டது அவனுக்கே ஆச்சரியம்.

விமானம் வராத பழைய ஓடுபாதை. நல்ல உச்சி வெயில். அவனுடைய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர், போனைத் தூக்கிப் பிடித்தபடி தங்கச்சி. நான் வழக்கம்போல மூன்று வாளித் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். மூன்றாவது ஓட்டத்தில் இன்ஜின் திக்கியது. எங்கள் பக்கத்திலேயே நிறுத்தினான். பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்தான்.

நிமிர்ந்தவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். இரண்டு கையையும் உதறினான். எம்பி எம்பிக் குதித்தான். “மச்சான்! தண்ணி! ஐயோ தண்ணி!” குரலும் கீச்சுக் குரல்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் தாளம் தட்டினான். “போதுங்க, அண்ணா பாவம்” என்று தங்கச்சி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த வெயிலில் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவன் தோளுக்கு மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது.

வாளி என் கையில்தான் இருந்தது. எட்டடி தூரம். இவன் எரியும்போதும் என்னை நினைத்துத்தானே சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். சிரிப்பு நிற்கட்டும் என்று நின்றேன். அது நிற்க ரொம்ப நேரம் ஆனது. அவன் சட்டையில் ஓட்டை தானாக விரிவதைப் பார்த்து முதலில் நிறுத்தியது தங்கச்சிதான். அப்புறம் ஊற்றினேன். முதல் வாளியிலேயே அணைந்துவிட்டது. மெத்தனால் தண்ணீருக்கு அடங்கும். காலமெல்லாம் நான் சொன்னது அதைத்தான்.

நாலாம் நாள் போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயாவது ஊத்தினியேண்ணா” என்று அழுதாள். நான் அதோடு விட்டிருப்பேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஐயா. உங்கள் அறிக்கை வராமல் இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

நேற்று அவள் அதைப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அப்போ அவரு அன்னைக்குச் சொன்னது நெஜந்தானாண்ணா? நீ அசந்துட்டியா?”

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அந்த மெத்தனால் குழாய் இணைப்பை முதலில் முழுசாக இறுக்கினேன். பம்பை ஓடவிட்டுச் சோதித்தேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. அப்புறம் அதே ஸ்பேனரால் முக்கால் திருகு கழற்றினேன். இரண்டு ஓட்டம் தாங்கும், மூன்றாவதில் விடும் என்று கணக்குப் போட்டேன். மூன்றாவதில்தான் விட்டது. இதற்குப் பெயர் கவனக்குறைவா? அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

தங்கச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது, அண்ணன் வேலையில் குறை இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள், ஐயா. அது தெரிந்தால் அவள் மனம் ஆறிவிடும்.