பின்சீட்டுப் பாரம்

"கதவைத் திறங்க. எனக்குக் கரண்ட் வேணும்."

இரவு ஒன்பது மணி தாண்டியிருக்கும். மூடிப்போன நூல் ஆலை. சாலையில் ஈ காக்காய் இல்லை. துருப்பிடித்த கதவை அவள் உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தாள்... தட்டவில்லை, அறைந்தாள். பக்கத்தில் அவளுடைய பேட்டரி வண்டி, விளக்குகூட இல்லாமல் சாய்ந்து நின்றது.

எதைக் கேட்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்களோ, அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் எந்த வாசலில் கூடாது என்றார்களோ, அந்த வாசலிலேயே.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. என் தோழியின் சித்தி மகளுக்கு நடந்தது. பெயர் வேண்டாம். வேலை பார்த்த இடத்தில் அவளை எல்லோரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டிலேயே கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். படித்தது வேதியியல். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று ஆசையாகப் போனாள். கையில் கொடுத்ததோ ஒரு ஐஸ் பெட்டியும் இந்த வண்டியும். தூரத்து மருத்துவமனைகளுக்குப் போய் ரத்தக் குப்பிகளை வாங்கிக்கொண்டு இரவுக்குள் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு ஒரு பட்டம்.

முதல் நாளே மேலாளர் சொல்லிவிட்டார்.

"வழியில எவன்கிட்டயும் போய் சார்ஜ் போடணும்னு நிக்காதே. அதுலயும் அந்த ஆலை வாசல்ல கேட்கவே கேட்காதே."

"ஏன் சார்?"

"ஏன் எதுக்குன்னு கேட்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?"

முன்னால் இந்த வண்டியை ஓட்டியவள் எங்கே என்று கேட்டதற்கும் பதில் சுருக்கமாகத்தான் வந்தது. "சொல்லாம கொள்ளாம ஓடிட்டா."

நிறைத்த பேட்டரி போவதற்குத் தாராளமாகப் போதும். திரும்பும்போது பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். "சட்டியில இருந்தாத்தானே சார் அகப்பையில வரும்? நடுவுல ஒரு இடத்துல சார்ஜ் போட ஏற்பாடு பண்ணுங்க" என்று இன்னொரு நாள் கேட்டுப் பார்த்தாள். அவர் கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மெதுவா ஓட்டு. படிச்ச திமிரை வண்டிகிட்ட காட்டாதே." அந்தப் பேச்சை அவள் விழுங்கவில்லை. கடைவாயில் அடக்கிக்கொண்டாள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. திரும்பும்போது மட்டும்... இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டுகிற எண் மளமளவென்று இறங்கும். இரண்டு பேர் ஏறிய வண்டி போல. மேடு ஏறினால் முனகும். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. உண்மையைச் சொல்லு டிகிரி, பின்னாடி யாரை ஏத்துறே?"

"ஐஸ் பெட்டி காலடியில இருக்குண்ணே. பின்னாடி வெறும் காத்துதான்."

"காத்துக்கு என்ன அம்பது கிலோ எடையா? ஸ்பிரிங் உட்கார்ந்துபோச்சு பாரு. காத்தோ... கருப்போ!"

சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அந்த இரவு ஆலைக் கதவு திறந்தது. ஈரப் பஞ்சு வாடை மூக்கில் அடித்தது. காவலாளி டார்ச்சை அவள் முகத்தில் அடிக்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் அடித்தார்.

"வாம்மா. இடம் தெரியுமே, ஜன்னலோரம்."

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் இப்பதான் முதல் தடவை வர்றேன்."

"உன்னைச் சொல்லலம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். வண்டி நின்றது. இருட்டு நின்றது. வேறொன்றுமில்லை.

வண்டியைக் காவல் அறைக்குள் தள்ளி, ஜன்னலோரப் பிளக்கில் சார்ஜரைச் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜர் 'உஸ்ஸ்...' என்று இரைந்தது. சூடான பிளாஸ்டிக் வாசனை. காவலாளி வாசல்படியிலேயே நின்றபடி, வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சுருட்டைன்னு ஒரு பொண்ணு. முடி அப்படி இருக்கும். இதே வண்டிதான். இங்கதான் சார்ஜ் போடும், வாய் ஓயாமப் பேசும். ஒருநாள் போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகல, போன் வந்துச்சு. 'வண்டி ஏன் நிக்குது? பிளக்கைப் பிடுங்கிட்டுக் கிளம்பு'ன்னு அந்தாளு கத்தினது எனக்கே கேட்டுச்சு. பாவம், பிடுங்கிட்டுப் போச்சு. பாலத்துல வண்டி நின்னுபோச்சு. பேட்டரி செத்தா விளக்கும் செத்துடுமே... பின்னாடி வந்த லாரிக்காரனுக்கு என்ன தெரியும்? வண்டியை மட்டும் தட்டி நிமிர்த்தி உன்கிட்ட குடுத்திருக்காங்க."

டிகிரிக்கு மேலாளர் சொன்னது ஞாபகம் வந்தது. ஓடிட்டாளாம். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிட்டாளாம்!

அப்போதுதான் அவள் போன் அடித்தது. மேலாளர். வண்டி எங்கே நிற்கிறது என்பதை அவர் அறையில் இருந்தபடியே வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வண்டி ஏன் நிக்குது? பிளக்கைப் பிடுங்கிட்டுக் கிளம்பு."

அதே வார்த்தைகள். ஓர் எழுத்து மாறவில்லை. ஒருத்தியைச் சாகடித்த வாக்கியத்தை மாற்றிச் சொல்லக்கூட அந்த மனிதனுக்குத் தோன்றவில்லை.

"முடியாது. நிறையிற வரைக்கும் எடுக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் அவர் குரல் எரிச்சலாக வந்தது.

"பக்கத்துல யாரு? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தாதீங்க."

அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். காவலாளி கதவருகே போய்விட்டிருந்தார். சார்ஜர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

பயம் வந்ததா என்கிறீர்கள். வந்தது. ஆனால் அதைக் கோபம் முந்திக்கொண்டு போயிற்று. போனை அணைத்தாள். முடிவையும் அங்கேயே எடுத்துவிட்டாள். பச்சை விளக்கு வரும்வரை சுவரோரம் குந்தியிருந்தாள். அது வந்ததும் சார்ஜரைச் சுருட்டி வைத்தாள். வண்டியில் ஏறி, பின்சீட்டைப் பார்க்காமலே கையால் தட்டினாள்.

"ஏறிக்கோ. இன்னிக்குப் பாதியில நிக்காது."

ஸ்பிரிங் 'கிறீச்...' என்று அமுங்கியது.

பாலம் வந்தது. எரிந்த ரப்பர் வாடை வந்தது. இடுப்பில், துப்பட்டாவுக்கு மேலே, பத்து விரல்கள் இறுகின. அவள் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "பிடிச்சுக்கோ" என்றாள். பாலம் முடிந்தது. விரல்கள் தளர்ந்தன. வண்டி ஊர் வந்து சேரும்வரை, மிச்சக் கிலோமீட்டர் காட்டுகிற அந்த எண் ஒன்றுகூட இறங்கவில்லை.

முதலில் ஐஸ் பெட்டியைக் கூடத்தில் ஒப்படைத்தாள். யார் வீட்டு ரத்தமோ, அது என்ன பாவம் செய்தது? பிறகு மாடியேறி மேலாளர் அறைக்குப் போனாள்.

"வந்துட்டியா மகாராணி? ரத்தம் கெட்டுப்போனா உங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்?"

சாவியை மேசையில் எறிந்தாள்.

"அந்த ரத்தம் பத்திரமா இருக்கு. சுருட்டை ரத்தத்துக்கு யாரு சார் பதில் சொல்றது?"

அவர் முகம் வெளுத்து, உடனே சிவந்தது. "எவன் சொன்னான்? அது விபத்து. கம்பெனிக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"நாளைக்கு அவ அம்மாவைப் பார்க்கப் போறேன். போன்ல நீங்க கத்தினதைக் காதால கேட்ட ஆலை வாட்ச்மேனையும் கூட்டிட்டுப் போறேன். அந்தம்மா எங்க வரச் சொன்னாலும் வருவோம். எந்த ஸ்டேஷனா இருந்தாலும் சரி."

"வேலை போயிடும்டி!"

"அதை நான் ஆலையிலேயே விட்டுட்டேன்."

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். படியிறங்கினாள். பாதிப் படியில் பின்னாலிருந்து அவர் குரல்.

"இன்னும் ஏன் அங்கேயே நிக்கிறே? போன்னு சொன்னேன்ல?"

அவள் திரும்பவில்லை. கடைசிப் படியும் இறங்கித் தெருவில் நடந்தாள். தலைக்கு மேலே ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியே இன்னொரு முறை அவர் குரல் வந்தது... இந்த முறை ரொம்பவும் தணிந்து.

"கதவை ஏம்மா சாத்துறே?"