விளம்பர இடைவேளை

மதியம் ஒன்றரை மணி என்பது ஒரு வீட்டில் எதற்கும் ஆகாத நேரம். சமையல் முடிந்திருக்கும், கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் ஈரம் காய்ந்திருக்காது. தூக்கம் வரும், படுத்தால் சோம்பேறி என்று பெயரும் வரும். அந்த நேரத்தில் ஒரு தொடரைப் போடலாம் என்று முதலில் யோசித்தவர் யாரோ, மனிதர்களை நன்றாக அறிந்தவர்.

எனக்குச் சீரியல் அவ்வளவாகப் பிடிக்காது, மேடம். பத்திரிகையில் என்னைச் 'சீரியல் பைத்தியம்' என்று எழுதியிருக்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் பார்க்கும் 'கதவோரம் ஒருத்தி'யில் மூத்த மருமகளுக்கு மூன்று முறை ஞாபகம் போனது. மூன்று முறையும் தலையில் அடிபட்டுத் திரும்பி வந்தது. நான் வேதியியல் படித்தவள். அதில் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு.

அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. "போகாதேடி, பின்னாடியே நிக்கிறான் பாரு" என்று டிவியிடம் சொல்வாள். மூத்த மருமகள் கேட்கமாட்டாள், போவாள். "சொன்னா கேட்டாத்தானே" என்று அம்மா பெருமூச்சு விடுவாள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சண்டை போட்டதில்லை. பேசினால்தானே சண்டை வரும். எனக்குப் பம்ப் ஹவுஸில் காலை ஷிப்டு. அங்கே நான் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, பிறகு சோபாவின் இடது பக்கம் நான், வலது பக்கம் அம்மா. தொடர் ஓடும்போது மூச்சு விடுவதுகூட மெதுவாகத்தான். விளம்பரம் வந்ததும் அம்மா டிவியின் சத்தத்தை நிறுத்துவாள். என் பக்கம் திரும்புவாள்.

முதல் இடைவேளையில், "உப்பு சரியா இருந்துச்சா?" என்பாள். இரண்டாவதில், "தலையில எண்ணெய் வைக்கிறியா இல்லையா? நார் மாதிரி இருக்கு" என்பாள். மூன்றாவது இடைவேளை நீளமானது. அதில்தான் அம்மா அம்மாவாக இல்லாமல் வேறு யாரோவாகப் பேசுவாள். பதினேழு வயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிய கதையை அப்படித்தான் ஆரம்பித்தாள். ஆற்றுப் பாலம் வரை வந்ததும் தொடர் ஆரம்பித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

இரவில் கேட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். கேட்டேன். "இப்ப எதுக்குடி அது?" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தொடரின் ரேட்டிங் சரிந்தது. ரேட்டிங் சரிந்தால் விளம்பரம் போய்விடும், இது எளிய கணக்கு. சோப்புக் கம்பெனி போனது, பெயின்ட் கம்பெனி போனது. மூன்று இடைவேளை இரண்டாகி, இரண்டு ஒன்றானது. அந்த ஒன்றிலும் உப்பைப் பற்றிக் கேட்க மட்டுமே நேரம் இருந்தது. அம்மா பாலத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு, கூடிய சீக்கிரம் தொடரை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் பாத்திரம் விற்கும் நிகழ்ச்சி போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

தொடரைக் காப்பாற்ற ரசிகர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அம்மாவின் போனில் இடமில்லாததால் நான் சேர்ந்தேன். நான் எதுவும் எழுதமாட்டேன். யார் எது சொன்னாலும் கட்டைவிரல் படம் போடுவேன். அதனால் எனக்குக் 'கட்டைவிரல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்கார அக்காவின் கடையில் எல்லோரும் நேரில் கூடினோம். வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். கணக்கு டீச்சர்தான் குழுவுக்குத் தலைவி. வியாழக்கிழமைதோறும் ரேட்டிங் எண்ணைக் குழுவில் போடுவது அவர்தான்.

"கதையில உசுரு இல்ல. மூத்த மருமகளுக்கு ஒரு ரெட்டைப் பிறவிய இறக்கணும்னு சேனலுக்கு எழுதுவோம்" என்றார் டீச்சர்.

"ஏற்கெனவே ஒருத்தி ஜெயில்ல இருக்காளே டீச்சர்" என்றார் தையல்கார அக்கா.

"அப்ப மூணாவதா ஒண்ணு."

"அவங்க அம்மா என்ன பெத்தாங்களா, ஜெராக்ஸ் எடுத்தாங்களா?" என்றார் கண்டக்டர் அண்ணன். குழுவில் அவர் ஒருவர்தான் ஆண். பஸ் நிற்கும் இடைவெளியில் போனில் தொடர் பார்ப்பவர். "கதைய விடுங்க. நான் தினம் பாக்குறேனே, ஒண்ணரை மணிக்கு ஊரே என் பஸ்ஸுலதான் தொங்குது. வீட்டுல ஆளே இல்லைன்னா சீரியல சுவரா பாக்கும்?"

"அது சரிதான்" என்றார் அக்கா. "போன வருஷம் ஊரே காய்ச்சல்ல படுத்துச்சே, அப்ப நம்ம சீரியல் எப்படி ஏறுச்சு!"

"அதுக்காக வருஷா வருஷம் காய்ச்சலுக்குச் சொல்லிவிட முடியுமா?"

"காய்ச்சல்கூட வேணாம்ணே. வயித்தால போனா போதும். ஒரு பய வாசப்படி தாண்டமாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "கட்டைவிரல், நீ என்ன சொல்றே? வாயத் திறந்தா முத்து கொட்டிடுமா?"

"யோசிக்கிறேன் டீச்சர்" என்றேன்.

அன்று அந்தக் கடையில் உண்மையிலேயே யோசித்தது நான் ஒருத்திதான்.

எடுத்ததுமே தவறான காரியத்தில் இறங்கினேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் சிறியதாக ஒன்றைச் செய்து பார்த்தேன். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் காலையில் வரும். தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் ஒருவராவது இருந்தாக வேண்டும். நான் சோதித்துச் சரி என்று சொன்னால்தான் வால்வுக்காரர் திறந்துவிடுவார். அதனால், தண்ணீர் இன்னும் தெளியவில்லை, காத்திருக்க வேண்டும் என்று சொல்லி, மதியம் ஒன்றேகாலுக்குத் தண்ணீர் போகும்படி பார்த்துக்கொண்டேன்.

ஊர் முழுக்க வீட்டில் இருந்தது. ஆனால் குழாயடியில் இருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு யார் டிவி பார்ப்பார்கள்? அந்த வியாழக்கிழமை ரேட்டிங் இன்னும் இறங்கியது. அக்கா குழுவில் எழுதியிருந்தார்: "தண்ணி விடுறவன் கட்டையில போக." அதற்கும் கட்டைவிரல் போட்டேன்.

சோதனை தோற்றால் முறையை மாற்ற வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் நேரத்தைப் பழையபடி காலைக்கே மாற்றிவிட்டேன். ஊரில் அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.

பிறகு மருந்தைக் குறைத்தேன்.

பம்ப் ஹவுஸில் குளோரினை மருந்து என்றுதான் சொல்வோம். அதைக் கலப்பதும் என் வேலைதான். ஊரின் குழாய்கள் பழையவை, பல இடங்களில் சாக்கடையை ஒட்டியே போகின்றன. குழாயில் ஓட்டை விழுந்தாலும் தண்ணீரைக் காப்பது அந்த மருந்துதான். சோதனைக் குப்பியில் மாத்திரை போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாக வேண்டும். என் குப்பியில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"சரியா இருக்காம்மா?" என்று வால்வுக்காரர் கதவுக்கு வெளியே இருந்து கேட்பார்.

"சரியா இருக்குண்ணே" என்பேன்.

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அவ்வளவுதான். கூச்சமுள்ளவள் என்பதால் எதையும் நீட்டிச் சொல்ல எனக்கு வராது.

யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள், கஞ்சி குடிப்பார்கள், டிவி பார்ப்பார்கள் என்பது என் கணிப்பு. அம்மாவுக்கு மட்டும் தனிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தேன். நான் பம்ப் ஹவுஸிலேயே குடித்துவிட்டு வந்துவிடுவேன். "இது என்னடி சப்புன்னு இருக்கு?" என்றாள். "உடம்புக்கு நல்லதும்மா" என்றேன். அது உண்மை.

கணிப்பு சரியாக இருந்தது. கண்டக்டர் அண்ணனின் பஸ் காலியாக ஓடியது. மூன்றாம் நாளிலிருந்து அவரே ஓடவில்லை. மருத்துவமனையில் கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் விரித்தார்கள். வியாழக்கிழமை டீச்சர் ரேட்டிங் எண்ணைப் போட்டு, கீழே, "நான் எழுதிய கடிதத்தின் வெற்றி! இரட்டைப் பிறவி வருகிறாள்!" என்று எழுதினார். அரைமணி கழித்து, "மன்னிக்கவும், பாத்ரூமிலிருந்து எழுதுவதால் எழுத்துப் பிழை இருக்கலாம்" என்று இன்னொரு செய்தி. என்னை யாரும் பாராட்டவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த வாரம் இன்னும் ஏறியது. சோப்புக் கம்பெனி திரும்பி வந்தது. பெயின்ட் கம்பெனி வந்தது. புதிதாக ஒரு தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் விளம்பரமும் வந்தது. அம்மா அதைப் பார்த்து, "ஊரு இருக்கிற இருப்புக்கு நாமளும் ஒண்ணு வாங்கலாமா?" என்றாள். நமக்குத் தேவையில்லை என்றேன்.

மூன்று இடைவேளைகள் மறுபடி வந்தன. மூன்றாவதில் அம்மா பாலத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள். நான் அசையாமல் கேட்டேன்.

"பாலத்து மேல சைக்கிள நிறுத்திட்டு ரொம்ப நேரம் தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள்.

"அப்புறம்?"

"பசிச்சுது. திரும்பிட்டேன்."

கதை அவ்வளவுதான். இதற்காகவா என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஆமாம் மேடம். அதைச் சொல்லும்போது அம்மா சிரித்தாள், என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாளும் அதே அளவு மருந்துதான் போட்டேன். அம்மாவிடம் இன்னும் நிறையக் கதைகள் இருக்கும் என்று தோன்றியது.

தையல்கார அக்காவின் மாமனார் அந்த வாரம் இறந்துபோனார். வயதானவர். அதை நான் கணித்திருக்க வேண்டும், கணிக்கவில்லை. அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அக்கா வீட்டில் ஒரே டிவி. ஒன்றரை மணிக்கு அவர் செய்தி வைத்துக்கொண்டு ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார் என்று அக்கா பலமுறை குழுவில் எழுதியிருக்கிறார். நான் அதை மனதில் வைத்து எதுவும் செய்யவில்லை. தொடர் பார்க்கும் வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடியது என்பதை மட்டும் கவனித்தேன்.

அம்மா துக்கம் கேட்கப் போனாள். திரும்பி வந்தபோது ஒன்றரை ஆகியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து டிவியைப் போட்டாள். முதல் இடைவேளையில் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டாவதில் சத்தத்தை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"அந்தத் தெருவுல நோவு வராத வீடே இல்லையாம். 'உங்க வீட்டுல மட்டும் எப்படி?'ன்னு அந்தத் தையக்காரப் பொண்ணு கேட்டா" என்றாள். "எனக்கு மட்டும் எதுக்குடி தண்ணி காய்ச்சிக் குடுத்தே?"

"சும்மாதாம்மா."

"ஊர்ல ஒருத்தன் படுக்கிறதுக்கு முன்னாடியே காய்ச்ச ஆரம்பிச்சுட்டே. இருபது வருஷமா சீரியல் பாக்குறேன். யாரு தனி டம்ளர் குடுக்கிறாளோ அவதான் விஷம் வெச்சவ. இதுகூடவா எனக்குத் தெரியாது?"

அம்மா என்னிடம் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான். பொய் சொல்லி அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடர் ஆரம்பித்துவிட்டது. இரட்டைப் பிறவியின் முகத்தை முதல்முறையாகக் காட்டினார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு டிவியை நிறுத்தினாள். கழற்றிய செருப்பை மறுபடி போட்டுக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். மீதி உங்களுக்குத் தெரியும்.

ரேட்டிங் எடுக்கும் பெட்டி குறிப்பிட்ட சில வீடுகளில் மட்டும் வைக்கப்படுகிறது, எங்கள் ஊரில் ஒரு வீட்டில்கூட அது கிடையாது, ஏறியதற்குக் காரணம் பள்ளி விடுமுறை என்று காலையில் சொன்னீர்கள். இருக்கலாம். படித்தவள் என்ற முறையில், விடுமுறை முடிந்த பிறகு ஒருமுறை திரும்பச் செய்து பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் சொல்வேன். ஊருக்கு நோய் வந்தது என்னால்தான். பெரியவர் போனதும் என்னால்தான். அதில் எனக்கு மறுப்பு இல்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும். அம்மா இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. டிவியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள், உன் பெயரைச் சொன்னாலே உள்ளே எழுந்து போய்விடுகிறாள் என்றீர்கள். அவள் பக்கத்து வீட்டில் பார்க்கிறாள், மேடம், எனக்கு அம்மாவைத் தெரியும். இங்கே பார்வையாளர் நேரம் ஒன்றிலிருந்து இரண்டு என்று போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவளால் எப்படி வர முடியும்? மூன்று மணிக்கு மாற்றிவிடுங்கள், வந்துவிடுவாள்.