பொட்டு வைத்த சுவிட்சு

கடத்தூரிலிருந்து மொரப்பூர் போகும் பஸ். கடைசி சீட்டில் நான், புளி மூட்டைக்காரர் ஒருவர், காலேஜ் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா, அங்கே நெட்வொர்க் சரிசெய்ய வந்த பெண்.

“கம்ப்யூட்டரையெல்லாம் வயர்ல இணைக்கிற அந்த நெட்வொர்க் சுவிட்சுப் பொட்டி, பொட்டு வெச்சதால கெடலைங்கக்கா,” என்றாள் அந்தப் பெண்.

“அப்புறம் ஏன் ஒரு கம்ப்யூட்டரும் ஓடல? ஆன்லைன் பரீட்சை நின்னிருந்தா என் வேலை போயிருக்கும் கண்ணு.”

“ஒரே வயரோட ரெண்டு முனையும் சுவிட்சுல சொருகியிருந்துச்சு. அனுப்பறதெல்லாம் சுத்திச் சுத்தி வந்து அடைச்சுக்கிச்சு.”

“ஆயுத பூசைக்குத் துடைச்சப்ப ஒரு முனை தொங்குச்சு. அசிங்கமா இருக்குதேன்னு காலி ஓட்டையில நான்தான் சொருவினேன்.”

“தெரியுங்க. அந்த வயர்லயும் சந்தனம் இருந்துச்சு.”

“அத்தனை வயர்ல எப்படித்தான் புடிச்சியோ!”

“சுவிட்சுல இருக்கற எல்லா லைட்டும் ஒன்னா மின்னுச்சு. ஒவ்வொன்னா புடுங்கினேன். அதைப் புடுங்கினதும் அடங்கிருச்சு.”

“கெட்டிக்காரிதான் போ. பிரின்சிபால்கிட்ட என்ன சொன்ன?”

“சுத்தறதைத் தடுக்க ஸ்பேனிங் ட்ரீன்னு சுவிட்சுக்குள்ளயே ஒன்னு இருக்குது, அதை யாரும் போட்டு வெக்கலைன்னேன். நிசந்தானுங்க. இப்பப் போட்டுட்டேன்.”

அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புள்ளைங்க எல்லாரும் எழுதிட்டாங்களாக்கா?”

“அறுவத்திரெண்டுக்கு அறுவத்திரெண்டு.”